அண்டத்துக்கு நடுப்புள்ளி கேட்ட மெக்கானிக்

மேடையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, குளிர்பதன மெக்கானிக்குகள் சங்கத்தின் தலைவர் அவர்களே, மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் அண்ணியார் அவர்களே, அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் மகளே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் பட்டறைத் தோழர்களே, நமது ஞாயிறு அறிவியல் மன்றத்தின் உறுப்பினர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்த மன்றம் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நூலகத்து மாடி அறையில் நாற்பது நாற்காலி போடுவோம். பதினைந்து எப்போதும் காலியாகவே இருக்கும். இன்று படிக்கட்டு வரை ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு மனிதர் போய்விட்டதால் ஓர் அறை நிரம்பியிருக்கிறது. இதை எண்ணிப் பெருமைப்படுவதா, கலங்குவதா?

பெருமைப்படுவோம். கலங்குவதற்கு வீட்டில் நேரம் இருக்கிறது.

யார் இவர்? ஃப்ரிட்ஜ் மெக்கானிக். குளிர் அறை, ஏசி, ஐஸ் பெட்டி என்று எது குளிரவில்லை என்றாலும் இவரைக் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு பட்டறை. உள்ளே போனால் கழற்றிய கம்ப்ரஸர்கள் ஒரு பக்கம், செப்புக் குழாய்ச் சுருள்கள் இன்னொரு பக்கம். நடுவில் ஒரே ஒரு ஸ்டூல். அதில் வந்தவரை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசுவார். பத்தாம் வகுப்பில் தேறாதவர். அந்த மனிதர் இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த அறையில் உட்கார்ந்து, இந்த அண்டம் எப்படிப் பிறந்தது என்று விஞ்ஞானம் சொல்வதை ஒவ்வொரு வாரமும் கேள்வி கேட்டார்!

அவருக்கு 'ஆனா அண்ணன்' என்று பெயர் வைத்தது நாம்தான். என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்பார். தலையை ஆட்டுவார். "சரி சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா..." என்று இழுப்பார். அந்த 'ஆனா' வந்துவிட்டால் கூட்டம் அரைமணி நேரம் நீளும் என்று அர்த்தம். டீ கொண்டுவரும் பெண்மணி வாசலில் நின்று, "ஆனா ஆயிடுச்சா, இன்னும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். நம் மொழியின் முதல் எழுத்துக்கும் ஆனா என்றுதானே பெயர்! அங்கிருந்துதான் எல்லாப் பிள்ளையும் தொடங்குகிறது. எனக்கு அவரைவிட ஐந்து வயது அதிகம். எனக்கும் அவர் அண்ணன்தான்.

அவையோரே! புகழ்வதற்கு முன்னால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரை முதன்முதலில் அவமானப்படுத்தியவன் நான்தான்.

நடந்தது இது. ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கப் போயிருக்கிறார். கேஸ் ஏற்றுவதற்கு முன் குழாயில் இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். பம்ப்பைப் போட்டுவிட்டால் முக்கால் மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஃப்ரிட்ஜின் தலைமேல் ஒரு பள்ளிப் பாடப்புத்தகம் கிடந்திருக்கிறது. எடுத்துப் புரட்டியிருக்கிறார். 'அண்டத்தின் தோற்றம்' என்று ஒரு பாடம். அதில் ஒரு படம். நடுவில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து நாலாபுறமும் பாய்ந்து ஓடும் விண்மீன் கூட்டங்கள், சுற்றிலும் கும்மிருட்டு. அந்தப் பாடத்தை எழுதியவன் நான். அந்தப் படத்தை வரையச் சொன்னவனும் நான்.

அடுத்த ஞாயிறே தேடிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். கையில் கிரீஸ் கறை போகவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் பேசி முடித்ததும் எழுந்தார்.

"சார், அந்தப் படத்துல ஒரு சந்தேகம். நடுவுல வெடிக்குது, சுத்தி இருட்டு இருக்கு. அந்த இருட்டு என்னது சார்?"

"அது வெற்றிடம்."

"சரி சார். ஆனா, அந்த வெற்றிடமும் அண்டம்தானே? அண்டமே வெடிப்புலதான் பொறந்துச்சுன்னா, அது வெடிக்கிறதுக்கு முன்னாடியே எப்படி இடம் போட்டு உக்காந்திருந்துச்சு?"

எனக்கு அன்று வயது நாற்பத்தொன்பது. கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவர். என் பாடப்புத்தகத்தை லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "நல்ல கேள்வி, யோசிக்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது, சார்."

"பாஸா?"

"ஃபெயில் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "சரி சார். ஆனா, கேட்டதுக்குப் பதில் வரலியே?"

நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டேன். மணி ஐந்தேகால்தான் ஆகியிருந்தது.

அவர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மூன்று ஆண்டுகள் அதே கேள்வியை முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். "வெடிச்ச இடம் இப்ப எங்க சார் இருக்கு?" "நாம அதுல இருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கோம்?" "பன்னெண்டாவது வரியில நடுப்புள்ளியே கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க, படத்துல நடுப்புள்ளி இருக்கு. எதை சார் நம்பறது?"

உண்மை என்ன? உண்மை அவர் பக்கம் இருந்தது. விஞ்ஞானம் சொல்வது, காலி இடத்துக்குள் ஏதோ வெடித்தது என்பதல்ல. இடமே விரிகிறது என்பதுதான். அதற்கு நடுவும் இல்லை, ஓரமும் தெரியவில்லை. சமன்பாட்டில் எனக்கு அது தெரியும். பிள்ளைகளுக்குப் படம் போட வேண்டி வந்தபோது, வாணவெடி மாதிரி இருந்தால் எளிதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் சோம்பலில் செய்த தவறை, கேஸ் ஏற்றக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டார்!

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டிக் கொண்டுவந்தார். அதில் வெள்ளை பெயிண்டில் ஏழெட்டுப் புள்ளி வைத்திருந்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை அவர் பிடித்து இழுத்தார்.

"இந்தப் புள்ளியில உக்காந்து பாருங்க சார். மத்ததெல்லாம் நம்மள விட்டு ஓடுது. அந்தப் புள்ளிக்குப் போய்ப் பாருங்க. அங்கயும் அதே கதைதான். அவனவனுக்கு அவனவன்தான் நடு. இதத்தான் சொல்ல வர்றீங்களா?"

"இதைத்தான் சொல்ல வருகிறேன்" என்றேன்.

நான் பாடநூல் குழுவுக்கு எழுதினேன். என் படம் தவறு, மாற்ற வேண்டும் என்று. குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "படம் நல்லாத்தானே இருக்கு? பிள்ளைகளுக்கு நல்லாப் புரியுதே" என்றார். "நல்லா புரியுது சார், தப்பா புரியுது" என்றேன். பத்துப் பேர் முன்னால் என் தவறை நானே சொல்லி மாற்ற வேண்டியிருந்தது. இப்போது அந்தப் பாடத்தில் இருப்பது நீண்ட ரப்பர் பட்டையும் புள்ளிகளும்தான். உங்கள் பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள்.

அந்தப் படத்தின் கீழே அவர் பெயர் இல்லை. என் பெயர்தான் இருக்கிறது. ஏன்? பத்தாம் வகுப்புத் தேறாதவர் சொன்னார் என்று போட எனக்கு அன்று மனம் வரவில்லை. வெட்கப்பட்டு அவரிடம் சொன்னபோது அவர் கண்டுகொள்ளவேயில்லை. "பேரு எதுக்கு சார்? படம் சரியா இருக்கா, அது போதும்" என்றார். நான் பெருமூச்சு விடுவதற்குள், "ஆனா, அந்த டியூபுக்கு ரெண்டு முனை இருக்கே. அண்டத்துக்கு முனை இருக்கா சார்?" என்று ஆரம்பித்துவிட்டார்!

சென்ற வாரம் குழுவுக்கு மறுபடி எழுதினேன். அடுத்த பதிப்பில் அவர் பெயர் வரும். ஒப்புதல் கடிதம் நேற்று வந்தது. அண்ணியாரிடம் கொடுத்துவிட்டேன்.

நண்பர்களே! இந்தச் சந்தேக குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? புத்தகத்திலிருந்தா? இல்லவே இல்லை. தொழிலிலிருந்து வந்தது. மேடையில் இருக்கும் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளருக்கு இது நன்றாகத் தெரியும். மருத்துவமனையின் தடுப்பூசிக் குளிர் அறையில் கதவு ரப்பர் மாற்ற ஒரு நாள் இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கதவுக்கு வெளியே இருக்கும் வெப்பமானியின் முள் நான்கு டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. சரியான அளவு. இவர் ரப்பரை மாற்றினார். கிளம்பவில்லை. கீழ்த்தட்டில் இருந்த பெட்டி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"மேடம், முள்ளு நாலு காட்டுது. ஆனா, என் கை நாலு சொல்லல."

"இந்த மெஷின் போன மாசம்தான் செக் பண்ணாங்க. கையில தொட்டுப் பாத்து டிகிரி சொல்றீங்களா நீங்க?"

"அதான் மேடம், என் கையையும் நம்ப வேணாம். மூணு தெர்மாமீட்டர் குடுங்க."

மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கீழ்த்தட்டில் பதினொன்று! முள்ளுக்கு வெப்பம் காட்டும் உணர்கருவியை யாரோ குளிர்காற்று வரும் வாயிலேயே மாட்டிவிட்டிருந்தார்கள். அது தன்மேல் பட்ட காற்றை மட்டும் அளந்து, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்று நூற்றுக்கணக்கான ஊசி மருந்துகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. வீரியம் போன மருந்து எத்தனை குழந்தைகளுக்குப் போயிருக்கும்! அதைத் தடுத்தது எது? ஒரு 'ஆனா'!

அன்று அவர் சொன்னதை நான் என் மாணவர்களுக்கு இன்றும் சொல்கிறேன். "ஒரு முள்ளு சொல்றத அப்படியே நம்பக் கூடாது. ஆனா, தனித்தனியா வச்ச மூணு முள்ளும் ஒண்ணையே சொன்னா, அப்புறமும் நம்பாம இருக்கிறது வீம்பு."

இந்த இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். சந்தேகப்படத் தெரிந்தவர்கள் நாட்டில் நிறைய. எப்போது சந்தேகத்தை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மன்றத்தில் யாரோ சொல்லி, பாடப்புத்தகச் செய்தி பத்திரிகையில் வந்தது. 'பேராசிரியரைத் திருத்திய மெக்கானிக்' என்று தலைப்பு. அடுத்த வாரம் அவர் பட்டறைக்கு முன் ஒரு பெரிய கார் வந்து நின்றது. என் வீட்டு ஃப்ரிட்ஜ் விஷயமாக நான் அந்த ஒற்றை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வந்த மூன்று பேரும் விஞ்ஞானமே மோசடி என்று ஊர் ஊராகக் கூட்டம் போடுகிறவர்கள்.

"அண்ணே, நீங்க சொல்றதத்தான் நாங்களும் சொல்றோம். இந்த வெடிப்பு, விரிவு எல்லாம் பொய்."

"நான் எப்பப்பா பொய்னு சொன்னேன்?"

"சந்தேகம்னு சொன்னீங்கள்ல? ரெண்டும் ஒண்ணுதானே!"

"எப்படி ஒண்ணு? ஒரு மெஷின் சத்தம் சரியில்லன்னா நான் கழட்டிப் பாப்பேன். நீங்க அத அப்படியே தூக்கிக் குப்பையில போடணுங்கிறீங்க."

"பெரிய மேடைண்ணே. அஞ்சாயிரம் பேரு வருவாங்க. நீங்க பாட்டுக்குப் பேசலாம்."

அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அங்க என்னை யாராவது எதிர்த்துக் கேள்வி கேப்பாங்களா?"

"சேச்சே! ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். அதுக்கு நாங்க பொறுப்பு."

"அப்ப எனக்கு வேணாம். நீங்க கெளம்புங்க."

கார் போன பிறகு, எதுவுமே நடக்காதது மாதிரி, "உங்க ஃப்ரிட்ஜுல தெர்மோஸ்டாட் போயிருக்கு சார்" என்றார். ஐயாயிரம் பேர் கைதட்டலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு இங்கே இருபத்தைந்து பேர் முன்னால் வந்து உட்கார்ந்து திட்டு வாங்கினார். இப்படி ஒருவரை நான் வேறெங்கே பார்ப்பேன்?

அவருடைய சந்தேகங்கள் எல்லாமே சரியா? இல்லை! இரங்கல் கூட்டம் என்பதற்காக நான் பொய் சொன்னால் அவரே எழுந்து வந்து திருத்துவார். அவருடைய மிகப் பெரிய சந்தேகம் தவறானது. அதை அவர் பதினோரு ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தொலைவில் இருக்கும் விண்மீன் கூட்டங்களின் ஒளி சிவந்து தெரிகிறது. இடம் விரிவதால் ஒளி அலையும் நீண்டுவிடுகிறது என்பது விஞ்ஞானம் தரும் விளக்கம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கோடிக்கணக்கான வருஷம் நடந்து வருது சார் அந்த வெளிச்சம். களைச்சுப் போகாதா? களைச்சா நிறம் மங்காதா? இதுக்குப் போய் எதுக்கு மொத்த அண்டத்தையும் விரிக்கிறீங்க?" என்பார். இதையே முன்பு பெரிய விஞ்ஞானிகளும் யோசித்திருக்கிறார்கள். இவர் யார் சொல்லியும் யோசிக்கவில்லை, தானாகவே அங்கே போய்ச் சேர்ந்தார். இருபத்தேழு பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை.

கடைசியில் நான் ஒரு சோதனை சொன்னேன். "அண்ணே, வெடித்துச் சாகும் ஒருவகை நட்சத்திரம் இருக்கிறது. பக்கத்தில் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஏறி இறங்கி மங்கிவிடும். ஒளி களைத்துப்போவது மட்டுமே காரணம் என்றால், தூரத்து நட்சத்திரத்தின் நிறம் மாறலாம். ஆனால் அதற்கும் அதே ஒரு மாதம்தான் ஆக வேண்டும். இடம் விரிகிறது என்றால், தூரத்து நட்சத்திரம் மெதுவாக மங்குவதாகத் தெரிய வேண்டும். தரவு எல்லாம் பொதுவில் இருக்கிறது. நீங்களே போட்டுப் பாருங்கள்."

சவால் விட்டால் விடுவாரா? மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். கணினியில் தரவை இறக்கிக் கொடுத்தது அவர்தான். வரைபடம் போட்டது இவர். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சாப்பாட்டு மேசையில் வரைபடத் தாளை விரித்து, ஒன்றரை ஆண்டுகள் புள்ளி புள்ளியாக வைத்தார். அண்ணியார் என்னிடம் சொன்னது: "அறுபது நட்சத்திரம் செத்த கதைய எங்க வீட்டு மேசையில எழுதி முடிச்சாரு. நாங்க தரையில உக்காந்து சாப்பிட்டோம்."

பிறகு இரண்டு ஞாயிறு வரவில்லை. அதுவரை அப்படி நடந்ததே இல்லை. நான் பட்டறைக்குப் போனேன். திறந்து போட்ட கம்ப்ரஸர் முன்னால், தொடாமல் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் தாளை நீட்டினார். தூரம் கூடக் கூட நட்சத்திரங்கள் மெதுவாக மங்கியிருந்தன. விஞ்ஞானம் சொன்ன அதே கணக்கில்.

"சந்தோஷமா சார்?"

"இல்லண்ணே."

"எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. பெத்த பிள்ளை மாதிரி வளத்தேன் சார் அத."

எனக்கு மனசு கேட்கவில்லை. இரக்கத்தில் ஒரு தவறான வார்த்தை சொன்னேன். "இதை நீங்க வெளிய சொல்லணும்னு அவசியமில்ல. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றேன்.

அவர் முகம் மாறியது. என்மேல் அவர் கோபப்பட்டது அந்த ஒரே தடவைதான். "என்ன சார் பேசறீங்க? தெர்மாமீட்டர் பதினொண்ணு காட்டுது, நான் நாலுன்னு சொல்லணுமா?"

அடுத்த ஞாயிறு, இதோ நான் நிற்கிற இதே இடத்தில் வந்து நின்றார். தாளைக் கரும்பலகையில் ஒட்டினார். "பதினோரு வருஷமா நான் சொன்னது தப்பு. எப்படித் தப்புன்னு நானே கண்டுபிடிச்சேன், அதையும் சொல்லிடறேன்" என்று தொடங்கி, முக்கால் மணி நேரம் தன் கட்சியைத் தானே உடைத்துக் காட்டினார். வெளிச்சம் சிவப்பது ஒரு முள், நட்சத்திரம் மெதுவாக மங்குவது இரண்டாவது முள், அண்டம் பிறந்தபோது இருந்த வெப்பம் ஆறி வானமெங்கும் பரவியிருக்கும் மிச்சக் குளிர் மூன்றாவது முள். மூன்றும் ஒன்றையே சொல்கின்றன, நான் ஒத்துக்கொள்கிறேன் என்றார். அவையோரே, நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் இருந்தவன். எத்தனையோ அறிஞர்களைப் பார்த்திருக்கிறேன். தன் தவறை இவ்வளவு அழகாக விளக்கிய ஒருவரை நான் கண்டதில்லை!

கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து அண்ணியார் எழுந்து சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆச்சு. எங்கிட்ட ஒரு தடவை கூட 'நான் சொன்னது தப்பு'ன்னு சொன்னதில்ல. ஊரு முன்னாடி சொல்ல வருது பாருங்க!" அன்று இந்த அறை சிரித்த சிரிப்பில் கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஓடி வந்தார்கள். இதோ அண்ணியார் இப்போதும் சிரிக்கிறார். சிரியுங்கள் அண்ணி. அவர் கேட்டுச் சந்தோஷப்படுகிற சத்தம் அதுதான்.

அதோடு முடிந்ததா? விரிவை ஒத்துக்கொண்டவர், விரிவின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டார். போன ஆண்டு நுரையீரல் கெட்டு மாடி ஏற முடியாமல் போனது. கூட்டத்தைக் கீழே செய்தித்தாள் அறைக்கு மாற்றினோம். அங்கும் வர முடியாதபோது நான் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவர் கண்மூடுவதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு பிற்பகல், நான் கட்டிலருகே இருந்தேன். மகள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருக்க, விட்டு விட்டுப் பேசினார்.

"சார், வானத்துல இந்தக் கோடியும் அந்தக் கோடியும் ஒரே குளிருங்கிறீங்க. லட்சத்துல ஒரு பங்குதான் வித்தியாசம். நான் ஒரே ஃப்ரிட்ஜுல மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் ஒண்ணாக் கொண்டுவர முடியாம நாப்பது வருஷம் அல்லாடியிருக்கேன். ரெண்டு குளிர் ரூமு, நடுவுல குழாயே கிடையாது, ஒருத்தன் காத்து இன்னொருத்தனுக்குப் போய்ச் சேர நேரமே இல்ல. எப்படி சார் ஒரே டிகிரி?"

"ஆரம்பத்தில் ரெண்டும் ஒட்டி இருந்து, அப்புறம் ஒரே நொடிக்குள்ள படுவேகமா விரிஞ்சு பிரிஞ்சிருக்கலாம் என்கிறார்கள்."

"அதாவது முன்னாடி குழாய் இருந்துச்சு, அப்புறம் அத்துப் போச்சுங்கிறீங்க. அந்தக் குழாய யாரு பாத்தா?"

"நேரா யாரும் பாக்கல."

"அப்ப எனக்குச் சந்தேகம்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கை துடைத்துக்கொண்டே மகள் கேட்டார்: "ஏம்பா, குழாய் எதுக்கு? ரெண்டு ரூமும் கம்பெனியில இருந்து வரும்போதே ஒரே செட்டிங்ல வந்திருந்தா?"

அவர் கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இத ஏன் நீ இத்தன நாள் சொல்லல?"

"நீங்க எங்கப்பா பேச விட்டீங்க?"

"சரி. செட்டிங்க அப்படி வச்சது எது? ஏன் அந்த டிகிரி? வேற டிகிரியா ஏன் இல்ல?"

"தெரியலப்பா."

"தெரியலன்னு சொல்லிட்டு வீட்டுல நிக்காத. ஞாயித்துக்கெழம போய்க் கேளு."

அவர் பேசி நான் கேட்டதில் கடைசி அதுதான். புதன்கிழமை காலை போய்விட்டார்.

பெரியோர்களே, தோழர்களே! மகள் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியாது. இந்த உலகத்தில் இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒரு காலத்தில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று எதிரே நிற்பவரைத் திருப்பிக் கேட்டுத் தப்பித்தேன். இன்று தலைநிமிர்ந்து சொல்கிறேன். இதைச் சொல்லும் தைரியத்தை எனக்குக் கொடுத்தவர் அவர்.

வெறும் கண்ணீரால் அவருக்கு நாம் மரியாதை செய்துவிட முடியுமா? முடியாது. எனவே உங்கள் சார்பில் இந்த அவையில் உறுதி கூறுகிறேன். இந்த மன்றத்தில் இனி யாரையும் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்க மாட்டோம். எழுதி வரும் எந்தக் கடிதமும் பதில் இல்லாமல் கிடக்காது. விடை தெரிந்தால் சொல்வோம், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். மூன்று முள்ளும் நம்மை எதிர்த்து நின்றால், நாமே எழுந்து நாம் சொன்னது தவறு என்று சொல்வோம். மன்றம் ஒரு வாரம்கூட நிற்காது.

வரும் ஞாயிறு கூட்டத்துக்கான பேச்சாளரையும் முடிவு செய்துவிட்டோம். இன்று காலை அவரிடம் கேட்டேன். "எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல சார், ஆளாளுக்குக் கேள்வி கேட்டா என்ன பண்றது?" என்றார். "கேக்கணும்னுதாம்மா கூப்பிடறோம்" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

நான்கு மணி. எல்லோரும் வாருங்கள். அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்காமல் சும்மா விட்டுவிடாதீர்கள். வணக்கம்.